பலகைத் தரைக்கு இரண்டாவது பூச்சு

எங்கள் வீட்டு மாடி அறையின் தரை மரத்தால் ஆனது. இருபத்தாறு தேக்குப் பலகைகள். அவற்றின் அடிப்பக்கம்தான் கீழ் அறைக்குக் கூரை. சில பலகைகளுக்கு நடுவே ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டு. கீழே கட்டிலில் படுத்திருப்பவருக்கு மேலே நடப்பவரின் பாத நிழல் தெரியும். மாடிக்கு மேலே ஓடு.

அந்த அறையில் நாற்காலி கிடையாது. தறியிலிருந்து அறுத்து வந்த பட்டுப் புடவையை அங்கேதான் விரிப்போம், குறை பார்ப்போம், மடிப்போம். ஆரணிக்குப் பட்டு எடுக்க வருகிறவர்களும் அந்தத் தரையில் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். மற்ற வீடுகளில் தரை என்பது நடப்பதற்கு. எங்களுக்கு அது மேசை.

நான் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிறந்த வீடு சேத்துப்பட்டுப் பக்கம். அங்கே பட்டும் இல்லை, பலகையும் இல்லை. கெமிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். கம்பெனி பஸ் காலை ஏழே முக்காலுக்கு ஆரணியில் ஏற்றிக்கொள்ளும். வேலையில் எதையும் பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடிக்கிற பழக்கம். அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

பலகைக்கு எண்ணெய் போடலாம் என்று சொன்னது நான்தான். தரை வறண்டு, ஓரங்களில் சிலாம்பு கிளம்பியிருந்தது. காலில் குத்தினால் பிடுங்கி எறிந்துவிடலாம். பட்டில் மாட்டினால் ஒரு இழை இழுத்துக்கொண்டு போகும், புடவையின் குறுக்கே கோடு விழும். அந்தச் சித்திரை மாதத்தில் அப்படி ஒரு முகூர்த்தப் புடவை போயிற்று. மாமனார் அந்தக் கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். மறுநாள் தரைக்கு பிளாஸ்டிக் பாய் போட்டு மூடிவிடலாம் என்றார். பாய்க்கு அடியில் ஈரம் தங்கும், கரையான் வரும் என்று சொல்லி, உப்புத்தாள் தேய்த்து லின்சீட் எண்ணெய், அதாவது ஆளி விதை எண்ணெய், பூசலாம் என்றேன்.

வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. பட்டு விரிக்கிற இடத்தில் யாராவது எண்ணெய் ஊற்றுவார்களா? தேங்காய் எண்ணெய் போல இது பிசுபிசுக்காது, காற்று பட்டால் இறுகி மரத்தோடு மரமாகிவிடும் என்று விளக்கினேன். நம்பவில்லை. ஒரு பலகைத் துண்டில் பூசி, ஒரு வாரம் காயவைத்து, அதன்மேல் வெள்ளைப் பட்டுத் துண்டை வைத்து, அதன்மேல் அம்மிக் குழவியை ஏற்றி ஒரு நாள் வைத்தேன். எடுத்தபோது பட்டில் ஒரு பொட்டுக் கறை இல்லை. மாமனார் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். என் கணவர், அப்பாவை யாரும் இவ்வளவு சீக்கிரம் மடக்கியதில்லை என்று சிரித்தார்.

அப்புறம் அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு பட்டியலை ஒட்டினேன். பத்து வரி. பூந்துடைப்பத்தால் பெருக்க வேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, நன்றாகப் பிழிந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும், எண்ணெய் மெல்லிசாகப் பூச வேண்டும், இருபது நிமிடம் கழித்து மிச்சத்தை ஒற்றி எடுக்க வேண்டும், இரண்டு பூச்சுக்கு நடுவே ஒரு வாரம். இப்படிப் போகும். ஒன்பதாவது வரி: துடைத்த துணிகளை விரித்துக் காயவைக்கவும். மாமனார் அதற்கு ‘கம்பெனி நோட்டீஸ்’ என்று பெயர் வைத்தார்.

ஒன்பதாவது வரி ஏன் என்று நான் எழுதவில்லை. லின்சீட் எண்ணெய் இறுகும்போது சூடு விடும். துணி விரிந்து கிடந்தால் சூடு காற்றில் போய்விடும். பந்தாகச் சுருட்டி அமுக்கி வைத்தால் போக வழியில்லாமல் உள்ளேயே ஏறும். நெருப்பு வைக்க ஆள் வேண்டாம், தானாகவே பற்றிக்கொள்ளும். எங்கள் தொழிற்சாலையில் எண்ணெய்த் துணிக்கென்று மூடி போட்ட சிவப்பு இரும்புத் தொட்டி இருக்கிறது. மூடி இருக்கிறதா என்று பார்த்து ஒவ்வொரு நாளும் கையெழுத்துப் போடுவது நான். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

முதல் பூச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் போட்டோம். பழைய வேட்டியைப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்திருந்தேன். பன்னிரண்டையும் கொடியில் கிளிப் போட்டு விரித்தேன். மாமியார் கீழே கட்டிலில் இருந்தார். களம்பூரில் பஸ் படியிலிருந்து இறங்கும்போது தவறி விழுந்து வலது காலில் மாவுக்கட்டு. அடுத்த மாதம்தான் பிரிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பலகை இடைவெளியில் இரண்டு சொட்டு எண்ணெய் அவர் தலையணையில் விழுந்துவிட்டது.

“வெள்ளிக்கெழம எண்ணெ தேச்சிக்கலியேன்னு நெனச்சேன்,” என்றார். “வூட்டு மருமவ ஞாயித்துக்கெழம தேச்சி வுடறா.”

இரண்டாவது பூச்சு அடுத்த வாரம் போட்டிருக்க வேண்டும். கணவர் ஊரில் இல்லாததால் தள்ளிப்போய், ஒரு புதன்கிழமை வந்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. மாமனார் தானே செய்வதாகச் சொன்னார். விடிந்ததும் ஆரம்பித்து ஏழு மணிக்குள் இரண்டு பேருமாக முடித்துவிட்டோம். வேட்டித் துண்டுகளை அவர் ஒதுக்கிவிட்டார். துணி எண்ணெயைச் சரியாகக் குடிக்காது, ஒற்றி எடுக்க வேஸ்ட்தான் சரி என்றார். வேஸ்ட் என்பது தறிக் கொட்டகைகளில் கழியும் பருத்தி நூல் சிக்கு. அவர் இருபது வருடம் பவர்லூம் கொட்டகையில் ஃபிட்டராக இருந்தவர்; வேஸ்ட் இல்லாமல் அவர் கை எதையும் துடைக்காது. அவர் துடைத்ததில் தரை என் துணியில் வந்ததைவிட நன்றாகத்தான் வந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எண்ணெய் ஊறிய நூல் சிக்கைப் பின்கட்டுத் துவைக்கும் கல்லின் மேல் நானே பிரித்துப் போட்டேன்.

“இத இப்டியே பிரிச்சு போட்டு வைங்க மாமா.”

“எதுக்கு?”

“காயட்டும்.”

அவ்வளவுதான் சொன்னேன். தீப்பிடிக்கும் என்ற ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பிறகு எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது பொய். ஓடு வேய்ந்த வீட்டில், பட்டு அடுக்கிய அறையில், தானாகத் தீப்பிடிக்கிற எண்ணெயைப் பூசப் போகிறேன் என்று சொன்னால் யார் சம்மதிப்பார்கள்? துணியை விரித்துப் போட்டால் ஆபத்தே இல்லை. விரிப்பது என் கையில் இருக்கிறது. அதனால் சொல்ல வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். அன்று அது என் கையை விட்டுப் போனதை நான் கவனிக்கவில்லை.

தொழிற்சாலையில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து மாமியாருக்குப் பேசினேன். மாத்திரை போட்டாரா என்று கேட்கத்தான்.

“போட்டேன். உங்க மாமா பத்து மணிக்கெல்லாம் கெளம்பிட்டாரு, சாயப் பட்டறைக்கு. பூட்டிகினு போயிட்டாரு. நான் ஜெயில்ல கீறேன்.”

பட்டு இருக்கிற வீட்டில், எழுந்து வந்து கதவைப் பார்க்க ஆள் இல்லாதபோது வெளியே பூட்டிவிட்டுப் போவது இங்கே வழக்கம். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். சாவி மூன்று. ஒன்று மாமனாரிடம், ஒன்று கணவரிடம், ஒன்று என் பையில்.

பேச்சோடு பேச்சாக, கல்லின் மேல் போட்டது காய்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

“அந்த நூலா? அது எங்க காயறது. காத்துல பறந்துகினு கெடந்துது. நீ போன கையோட அவரு எல்லாத்தையும் வாரி சாக்குல போட்டு, மிதிச்சி கட்டி, மேல கொண்டும்போயி வச்சிட்டாரு. அடுத்த பூச்சுக்கு ஆவும்னாரு.”

நான் உட்கார்ந்தேன். உட்கார இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் உட்கார்ந்தேன். நல்லவேளை, பெஞ்சு இருந்தது.

அவர் செய்தது தவறு என்று இந்தத் தெருவில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பவர்லூம் கொட்டகையில் எண்ணெய் வேஸ்டைத் தூக்கிப் போட மாட்டார்கள். சாக்கில் திணித்துக் காலால் மிதித்து மூலையில் வைப்பார்கள், அடுத்த முறை எடுத்துத் துடைப்பார்கள். அது மிஷின் ஆயில். அது இறுகாது, சூடு விடாது, வருடக் கணக்கில் சாக்கில் கிடந்தாலும் கிடந்தபடியே கிடக்கும். இருபது வருடம் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். எண்ணெயில் இரண்டு வகை உண்டு என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

மாமனாருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி மாமியாருக்குப் பேசினால், “அவரு போனு இங்கதான் சார்ஜில கத்திகினு கெடக்குது,” என்றார். கணவர் கல்யாணப் புடவை ஆர்டர் ஒன்றுக்காகப் பெங்களூரில் இருந்தார். அவரிடம் சொன்னேன். நீ போ, நீ போ என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வெளியே போக கேட் பாஸ் வேண்டும். அதில் காரணம் என்று ஒரு கட்டம். சூப்பர்வைசர் நிற்கிறார், பேனா என் கையில் இருக்கிறது. ‘சொந்த வேலை’ என்று எழுதினேன். அன்றைக்கு நான் மறைத்தது அது எத்தனையாவது என்று எண்ணவில்லை.

ஆரணி பஸ் உடனே கிடைத்தது. ஒரு மணி நேரப் பயணம். கேட் பாஸின் என் பகுதிச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். நூல் சிக்கு: அரைக் கிலோ இருக்கும். அமுக்கிய நேரம்: எட்டு மணி. இப்போது: ஒன்று. ஓட்டுக்கு அடியில் சூடு: நாற்பதுக்கு மேல். பக்கத்தில்: எண்ணெய் டின், எண்ணெயில் கலக்கும் டர்பன்டைன் பாட்டில், புடவை அலமாரி. அடியில்:

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். வழக்கமாக எழுதி முடித்தால் மனம் அடங்கும். அன்று ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்கு வழி காட்டியது. சாக்கு பற்றினால் பலகை. புதிதாக எண்ணெய் குடித்த பலகை. அதன் அடியில் கட்டில். கட்டிலில் எழுந்து நடக்க முடியாத ஒருவர். வெளியே பூட்டு. சாவி என் மடியில்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யலாம். எண்களை இரண்டு முறை அழுத்தி, அழைக்காமல் அழித்தேன். வண்டி மணி அடித்துக்கொண்டு தெருவுக்குள் வரும். கதவை உடைப்பார்கள். உள்ளே ஒன்றும் இல்லாமல் ஒரு சாக்கு மட்டும் இருந்தால்? வெளியூரிலிருந்து வந்த மருமகள் எண்ணெய் பூசி ஊரைக் கூட்டினாள் என்று ஆகும். ஓர் உயிருக்கு முன்னால் இதையா யோசித்தேன் என்று இப்போது கேட்டால், ஆமாம், இதைத்தான் யோசித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களின் நம்பர் ஒன்றுகூட என்னிடம் இல்லை. இரண்டு வருடத்தில் நான் யாரிடமும் கேட்டதில்லை.

பாதி வழியில் மறுபடி மாமியாரைக் கூப்பிட்டேன்.

“அத்தை, ஏதாச்சும் வாசன வருதா?”

“எண்ணெ வாசனதான். வாரமா அந்த நாத்தம்தான.”

“வேற மாதிரி?”

“இரு.” மூச்சை இழுப்பது கேட்டது. பின்னால் அடுத்த வீட்டு பவர்லூமின் டடக் டடக். “பக்கத்து வூட்ல அப்பளம் பொரிக்கிறாங்க போல. ஏன்?”

“ஒண்ணுமில்ல அத்தை. சும்மா கேட்டேன்.”

“சும்மா கேக்கறதுக்கு மூணு வாட்டி போன் பண்ணுவியா?”

அடுத்த வீட்டில் அந்த நேரத்துக்கு அப்பளம் பொரிக்க ஆள் கிடையாது. எல்லாரும் தறியில் இருப்பார்கள். அது எனக்குத் தெரியும். லின்சீட் எண்ணெய் சூடேறினால் பழைய எண்ணெயில் எதையோ பொரிக்கிற வாசனைதான் வரும். அதுவும் தெரியும். அவரிடம் சொல்லலாம். சொன்னால் என்ன செய்வார்? அந்தக் காலோடு எழுந்திருக்கப் பார்ப்பார், விழுவார். சொல்லாவிட்டால் படுத்திருப்பார். எது நல்லது என்று தெரியாமல் போனைக் கையில் பிடித்தபடி, முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்றது. ஒரு ஊரில் ஒருவர் இரண்டு மூட்டை ஏற்றுவதற்காக நின்றது. மூட்டையின் வாய் இறுகக் கட்டியிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். தெருமுனை திரும்பும்போது முதலில் ஓட்டைத்தான் பார்த்தேன். புகை இல்லை. பூட்டில் சாவி இரண்டு முறை நுழையவில்லை. மூன்றாவது முறை திறந்தது.

“யாரு?” என்றது கீழ் அறையிலிருந்து.

“நான்தான் அத்தை.”

“இந்நேரத்துல?”

பதில் சொல்லாமல் மாடி ஏறினேன். சாக்கு, படி ஏறி முடியும் இடத்தில், எண்ணெய் டின்னுக்கும் டர்பன்டைனுக்கும் நடுவே இருந்தது, எல்லாம் ஓரிடத்தில் ஒழுங்காக. யூரியா சாக்கு. ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு உருகி, ஓட்டை விழுந்து, ஓட்டையின் ஓரம் பழுப்பாக இருந்தது. அதிலிருந்து ஊதுபத்தி அளவுக்குப் புகை. தொடாமலே முகத்தில் சூடு அடித்தது.

பிரிக்கக் கூடாது, பிரித்தால் காற்றுப் பட்டுக் குப்பென்று பிடிக்கும். அது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. டின்னையும் பாட்டிலையும் படியில் இறக்கினேன். சமையலறையிலிருந்து குடத்தைத் தூக்கிவந்து சாக்கின் மேல் கவிழ்த்தேன். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது என்று நானே எழுதி ஒட்டிய தரையில் ஒரு குடம், பிறகு இன்னொரு குடம். உஸ்ஸென்று ஆவி எழுந்தது. பலகை இடைவெளிகளில் தண்ணீர் ஓடிக் கீழே இறங்கியது.

“ஏம்மா, மேல இன்னா பண்ற நீ? என் மேல ஊத்துது.”

மண் அள்ளும் இரும்புப் பாண்டில் சாக்கைத் தள்ளி, பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்கும் கல்லில் போட்டு, குச்சியால் பிளந்தேன். வெளி நூல் ஈரமாக, மஞ்சளாக இருந்தது. உள்ளே கறுப்பு. அதற்கும் உள்ளே, இரண்டு குடம் தண்ணீர் போய்ச் சேராத இடத்தில், ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குச் சிவப்பு. காற்றுப் பட்டதும் அது கண் திறந்த மாதிரி பிரகாசித்தது. அதன்மேல் ஒரு வாளி ஊற்றினேன். அது அணைந்த பிறகும் இன்னொரு வாளி ஊற்றினேன்.

மாமியாரின் போர்வையை மாற்றும்போது எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெயைப் பற்றி, ஒன்பதாவது வரியைப் பற்றி, பஸ்ஸில் நான் சொன்ன ‘ஒண்ணுமில்ல’ என்பதைப் பற்றி. அவர் கூரைப் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“பயந்துடுவேன்னு சொல்லாம இருந்தியா?”

“ஆமாங்க.”

“பயந்துகினாவது இருந்திருப்பேன். ஜன்னலாண்ட உருண்டு போயி கத்தியிருப்பேன். அப்பளம்னு நெனச்சிகினு படுத்திருந்தேனே.” போர்வையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு, “இனிமே எனக்கு எது வந்தாலும் எங்கிட்ட சொல்லு,” என்றார். அதில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாமனார் மூன்றரைக்கு வந்தார். கறுத்த நூலைக் கையில் எடுத்து, விரலால் நசுக்கி, முகர்ந்து பார்த்தார். இருபது வருஷமாக மிதித்துத்தான் வைக்கிறேன், ஒரு நாளும் இப்படி ஆனதில்லை என்று மெதுவாகச் சொன்னார். இரண்டு எண்ணெய்க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

“இத அன்னிக்கே ஏம்மா சொல்லல?”

“சொல்லியிருந்தா பூச வுட்டிருக்க மாட்டீங்க மாமா.”

அவர் யோசித்தார். “வுட்டிருக்க மாட்டேன்தான்,” என்றார். பிறகு மாடிக்குப் போய், படி முடியும் இடத்தில் பலகை கருகியிருந்த வட்டத்தின் பக்கத்தில் குந்தி, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். அது ஆறிப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் கையை எடுத்து எடுத்து வைத்தார்.

மூன்றாவது பூச்சு வேண்டாம் என்றுதான் நான் நினைத்தேன். வேண்டும் என்று சொன்னது மாமியார். பாதியில் விட்டால் பட்டும் கெடும், பட்ட பாடும் வீண் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: துணி அவர் பொறுப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய இரும்பு வாளி இருக்க வேண்டும். துடைத்த ஒவ்வொரு துணியும் அவர் கண் முன்னால் அதில் போட வேண்டும். ஒன்பதாவது வரியை அடித்துவிட்டு இதை எழுதினேன். ஏன் என்பதையும் எழுதினேன், பெரிய எழுத்தில்.

இப்போது தரை நன்றாக இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்கிறது. நிற்காமல் ஊறினால் மறுபூச்சுக்கு நேரமாயிற்று என்று அர்த்தம். வருடத்துக்கு ஒரு முறை வருகிறது. கருகிய வட்டத்தின் மேல் யாரும் புடவை விரிப்பதில்லை. விரிக்க வேண்டாம் என்று யாரும் சொன்னதும் இல்லை.

இந்த வருடப் பூச்சில் ஆறு துணி கொடுத்தேன். வேலை முடிந்ததும் மாமியார் வாளியில் எண்ணினார். அவர் இப்போது நன்றாக நடக்கிறார். ஆனாலும் வாளியை விட்டு நகரவில்லை.

“அஞ்சுதான் கீது.”

வீடு முழுக்கத் தேடினோம். அலமாரி இடுக்கு, படிக்கட்டு, பின்கட்டு, கொடி. என் கணவர் குப்பைக் கூடையைக் கவிழ்த்தார். நான் ஒவ்வொரு மூலையிலும் கையை நீட்டிச் சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போனேன். மாமனாரும் தேடிக்கொண்டிருந்தார். ஆறாவது துணி அவர் தோளிலேயே கிடந்தது, துண்டு போல.

யாரும் சிரிக்கவில்லை. மாமியார் எழுந்து போய் அதை அவர் தோளிலிருந்து எடுத்தார். வாளியில் போடுவதற்கு முன்னால், புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். பிறகு அவர் தோளிலும் வைத்துப் பார்த்தார்.